தெரு குரூப்ல குட்மார்னிங் தவிர உருப்படியா ஏதாச்சும் நடக்குதா?

மாடிவீட்டுக்காரன்:
சென்னைல எங்க தெரு 60 வீட்டையும் சேத்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், காலைல பூ படம், ராத்திரி அரசியல் சண்டை, நடுவுல யாராச்சும் லைட் எரியலன்னு போட்டா ஒரு கட்டைவிரல தூக்கி காட்டிட்டு போயிடுறாங்க. உங்க ஏரியால எப்படி?

கிணத்தடி:
அதே கதை தான் பாஸ். அப்புறம் ஒரே ரூல் போட்டோம், குப்பையோ லைட்டோ யார் போட்டோ போடுறாங்களோ அவங்களே மாநகராட்சி புகார் லைன் 1913க்கு போன் அடிச்சு புகார் நம்பர குரூப்ல போடணும், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் அதுக்கே தனியா புகார் குடுக்கணும். முக்குல லைட் அப்டிதான் எரிஞ்சுது.

ரெண்டாவது_முக்கு:
2015 டிசம்பர் வெள்ளத்துல எந்த வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்கன்னே தெரியாம முழங்கால் தண்ணில கதவு கதவா தட்டுனோம். இப்ப அந்த லிஸ்ட் ரெடியா இருக்கு, ஆனா குரூப்ல போடல, ரெண்டு பேர்ட்ட மட்டும் நோட்ல (திருடனும் மெம்பரா இருக்கலாம்ல).

வார்டுவாசி:
கிராம சபை மாதிரி நகரத்துலயும் 2022ல இருந்து ஏரியா சபை கூடுது, அங்க போய் பேசுங்க. எங்க குரூப்ல 112 பேர், போனது நாலு பேர்! மழைநீர் வடிகால பத்தி குரூப்ல மட்டும் தொண்ட கிழிய கத்துறாங்க.

மாடிவீட்டுக்காரன்:
1913 ஐடியா சூப்பர்ணே, இன்னைக்கே பின் பண்றேன். குட்மார்னிங் மாமாவ என்ன பண்றது?

கிணத்தடி:
அவர அட்மின் ஆக்கிருங்க 😂