பழைய ஒயர், மோட்டார் யார்கிட்ட போடலாம்?

கேள்வி: வீட்டை இடிச்சு கட்றோம், பழைய ஒயர், பித்தளை குழாய், தண்ணி மோட்டார்னு நெறைய சேர்ந்துருக்கு. மீன்பாடி வண்டில (மூணு சக்கர மிதிவண்டி) பழசு வாங்க வர்ற அண்ணன்கிட்ட போடலாமா, நேரா காயலான் கடைக்கே போலாமா?

பதில்: அண்ணன்கிட்டயே போடுங்க. பல பேர் கடைல முன்பணம் வாங்கிட்டு தான் காலைல கெளம்புறாங்க, நம்மகிட்ட வாங்குற வெலைக்கும் கடை வெலைக்கும் நடுவுல நிக்கிறது தான் அவங்க கூலி, அதுல வெயில்ல வண்டி மிதிக்கிறதும் சேர்த்தி. காந்தம் வச்சு பாத்து ஒட்டாத பித்தளை செம்பை தனியா பிரிச்சு குடுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது.

பதில்: செம்பு எடுக்க ஒயரை எரிக்க வேணாம்னு அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க ப்ளீஸ். ஒயர் மேல இருக்குற பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்ங்கிற நச்சு வரும், மொதல்ல அவங்க நெஞ்சுக்குள்ள தான் போகும். உரிச்ச செம்புக்கு வெலையும் கூட.

பதில்: மோட்டார் காயிலை சுரண்டி பாருங்க, வெள்ளையா இருந்தா அது செம்பு இல்ல, அலுமினியம்.