பீட்டில் 1600, 009 டிஸ்ட்ரிபியூட்டர்: டயல் உள்ள டைமிங் லைட்டில் எத்தனை டிகிரி வைப்பது?

வண்டு1600:
வணக்கம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், 1600 டூயல் போர்ட் இன்ஜின், பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர், 34 பிக்ட்-3 கார்புரேட்டர், 12 வோல்ட். இதுவரை இன்ஜினை நிறுத்திவைத்து, டெஸ்ட் லேம்ப் போட்டு 7.5 டிகிரியில்தான் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பு ஸ்பார்க் வருகிறது என்பது) வைத்து வந்தேன். இப்போது முதுகில் டயல் உள்ள டைமிங் லைட் (ஸ்பார்க் வந்ததும், டயலில் வைத்த டிகிரி அளவு தாமதித்து மின்னும் விளக்கு) கிடைத்திருக்கிறது. கிராங்க் புல்லியில் ஒரே ஒரு வெட்டுதான் தெரிகிறது. ஐடிலிங்கில் 7.5 வந்தால் போதுமா, ஆக்சிலேட்டர் கொடுத்து 30 பார்க்க வேண்டுமா? டயலை எந்த எண்ணில் வைத்து எந்தக் கோட்டைப் பார்ப்பது? இன்னொன்று, லைட் அடிக்கும்போது மார்க் ஓரிடத்தில் நிற்காமல் 3, 4 டிகிரி ஆடுகிறது.

காற்றுக்குளிர்:
009-ல் வேக்கும் (கார்புரேட்டர் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முன்தள்ளும் அமைப்பு) கிடையாது. உள்ளே இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்கும்தான் முழு அட்வான்ஸையும் (வேகம் ஏற ஏற ஸ்பார்க் முன்கூட்டி வரும் அளவு) தருகின்றன. அதனால் இன்ஜினைக் காப்பதும் கெடுப்பதும் உச்ச அட்வான்ஸ்தான். 3000 ஆர்பிஎம்முக்கு மேல், அட்வான்ஸ் இனி ஏறாது என்ற நிலையில் 28 முதல் 30 வரை வையுங்கள். ஐடிலிங்கில் எது வருகிறதோ வரட்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலிங்கில் 7.5 சரியாக இருந்துகொண்டே மேலே 35-ஐத் தாண்டிவிடும். ஃபேன் இரைச்சலில் நாக்கிங் (சிலிண்டருக்குள் தவறாக வெடிக்கும் தட்டல் சத்தம்) காதில் விழாது. ஹெட் சூடேறி, பிஸ்டன் உருகிய பிறகுதான் தெரியும். வழக்கமாக முதலில் அடிவாங்குவது 3-ம் சிலிண்டர்.

ஆனால் டயலைத் தொடுவதற்கு முன் அந்த ஒற்றை வெட்டு எது என்று உறுதி செய்தே ஆகவேண்டும். எல்லா வெட்டும் டிடிசி (1-ம் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) அல்ல. பல பழைய புல்லிகளில் அது டிடிசிக்கு முன் 7.5. எழுபதுகளின் தொடக்கத்தில் இரட்டை வேக்கும் டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்த புல்லிகளில் டிடிசிக்குப் பின் 5. டயலில் 30 வைத்து, 7.5 வெட்டை டிடிசி என்று நினைத்துப் பொருத்தினால் உண்மையில் வைத்தது 37.5. பின் 5 வெட்டாக இருந்தால் 25. கருவி சரியாகவே காட்டும், இன்ஜின் போய்விடும்.

டிடிசி கண்டுபிடிக்க: நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். 1-ம் சிலிண்டர் வண்டியின் வலப்பக்கம், முன்னால், ஃப்ளைவீலை ஒட்டி இருப்பது. அதன் பிளக் ஓட்டையில் 14 மி.மீ. மரையுள்ள பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றுங்கள். கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் சேரும் நடுக்கோட்டுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் டிடிசி. அங்கே வெள்ளை பெயின்ட் வையுங்கள். ஸ்டாப்பரைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பீட்டில் புல்லி ஒரே இரும்பு; வி8 டேம்பர் போல நடுவில் ரப்பர் கிடையாது. ஒருமுறை வைத்த மார்க் நகராது.

பாயிண்ட்கேப்:
மேலே சொன்னதோட சேர்த்து, அளக்கும் முறை:

முதல்ல பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடற தொடுமுனைகளோட இடைவெளி) 0.4 மி.மீ., டுவெல் (அது மூடியிருக்கிற கோணம்) 44-50 டிகிரி. இதை டைமிங்குக்கு முன்னாடியே முடிச்சிருங்க. கேப் மாறினா டைமிங்கும் மாறும். கேப் குறைஞ்சா பாயிண்ட் லேட்டா திறக்கும், ரிடார்ட் ஆகும்.

இன்ஜின் நல்லா சூடானதும் லைட்டோட சிவப்பு, கருப்பு கிளிப்பை பேட்டரியில மாட்டுங்க. கிளாம்ப் 1-ம் பிளக் ஒயர்ல, அதுமேல இருக்கிற அம்பு பிளக்கைப் பார்த்து. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்ல இருக்கிற 10 நம்பர் நட்டை, கையால திருப்பினா அசையற அளவுக்கு மட்டும் தளர்த்துங்க. டயலை 30-ல வைங்க. ஆக்சிலேட்டரை ஏத்தி, மார்க் இனி நகராதுன்னு ஆகிற வேகத்துல ஒரே சீரா பிடிக்கணும். அப்போ டிடிசி மார்க் நடுக்கோட்டுல நிக்கணும். பின்னாலிருந்து பார்க்கும்போது மார்க் கோட்டுக்கு இடப்பக்கம் தெரிஞ்சா அட்வான்ஸ் அதிகம், டிஸ்ட்ரிபியூட்டரை வலச்சுற்றா திருப்புங்க. வலப்பக்கம் தெரிஞ்சா குறைவு, இடச்சுற்று. நட்டை இறுக்கினதும் மறுபடி ஒருமுறை பாருங்க, இறுக்கும்போதே 1, 2 டிகிரி ஓடிடும்.

வேகம் சீரா இருக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 3000 ஆர்பிஎம்ல 30 டிகிரி சுத்த சுமார் 1.67 மில்லிசெகண்ட், 900-ல 5.6. லைட் முந்தின சுற்றோட நேரத்தை வெச்சு இந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுத்தான் மின்னுது. வேகம் ஏறிட்டோ இறங்கிட்டோ இருந்தா கணக்கு தப்பும்.

மார்க் ஆடறதுக்கு: கிளாம்ப் பக்கத்து ஒயரை உரசிட்டு இருக்கான்னு பாருங்க. காயில் ஒயர்ல மாட்டியிருந்தா நாலு சிலிண்டர் ஸ்பார்க்கையும் பிடிக்கும், டயல் கணக்கே போச்சு. அடுத்து டயலை 0-ல வெச்சுப் பாருங்க. 0-லயும் ஆடினா கோளாறு வண்டியில. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, புஷ் தேய்ஞ்சிருக்கும். டயல் ஏத்தினா மட்டும் ஆடினா ஐடிலிங் சீரில்லை, இல்லைன்னா லைட்டே சரியில்லை. மல்டி ஸ்பார்க் பாக்ஸ் போட்டிருந்தா குறைஞ்ச வேகத்துல ஒரே சுற்றுல பல ஸ்பார்க் வரும், டயல் லைட் குழம்பும்.

லைட் அடிக்கும்போது புல்லியும் பெல்ட்டும் நின்ன மாதிரி தெரியும். கை, சட்டை நுனி, லைட்டோட ஒயர் எதுவும் பக்கத்துல போகக்கூடாது.

வண்டு1600:
மிக்க நன்றி. ஸ்டாப்பர் வைத்துப் பார்த்ததில் என் வெட்டு டிடிசிக்கு முன் 7.5 என்றே வந்தது. புதிய வெள்ளை மார்க்கை வைத்து 30 வைத்தேன். கிளாம்பைத் தள்ளி மாட்டியதும் ஆட்டமும் நின்றது. ஐடிலிங்கில் இப்போது 6. ஆனால் நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறுகிறது. 33 வரை ஏற்றினால் திணறல் குறைகிறது. அப்படியே விடலாமா?

காற்றுக்குளிர்:
வேண்டாம். 6-க்கும் 30-க்கும் இடையே 24 டிகிரி. 009-க்கு அது இயல்பான அளவு, எடையும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன. திணறல் வேறு காரணத்தால். 34 பிக்ட்-3 கார்புரேட்டர் வேக்கும் அட்வான்ஸை எதிர்பார்த்து வடிவமைத்தது. த்ராட்டில் திறந்த அந்தக் கணத்தில் 009 எதுவும் தராது. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் நின்றிருக்கும்போது த்ராட்டிலைத் திறந்து, ஆக்சிலரேட்டர் பம்ப் குழாயிலிருந்து பெட்ரோல் உடனே, அறாமல் பீறிடுகிறதா என்று பாருங்கள். பலவீனமாக இருந்தால் டயாஃப்ரம் மாற்றுங்கள். பிறகு பம்ப் அளவைக் கொஞ்சம் கூட்டலாம்.

அப்படியும் போகவில்லை என்றால் ஒற்றை வேக்கும் உள்ள எஸ்விடிஏ டிஸ்ட்ரிபியூட்டர்தான் முழுத் தீர்வு. அதை வைக்கும்போது வேக்கும் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிட்டு, இதே முறையில் 28-30. பிறகு ஹோஸை மாட்டினால் லேசான மிதியில் 40-ஐ ஒட்டிக் காட்டும். பயப்பட வேண்டாம், லோடு ஏறியதும் வேக்கும் விழுந்து 30-க்கே வந்துவிடும்.

பாயிண்ட்கேப்:
6 வோல்ட் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி: லைட்டுக்குக் கரன்ட்டை வேற ஒரு 12 வோல்ட் பேட்டரியில இருந்து கொடுங்க. கிளாம்ப் பிளக் ஒயரைத் தொட்டா போதும், இரண்டு பேட்டரியையும் இணைக்கவே வேண்டாம்.