அந்தப் பெட்டியை அனுப்பியது வாலட் இல்லை, சர்வர் (பிட்காயின் லைட் வாலட் அனுபவப் பகிர்வு)

செந்தூல்_கம்பி:
எம்சிஓ (மலேசிய நடமாட்டக் கட்டுப்பாடு) காலத்தில் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர் ஒருவரின் பழைய மடிக்கணினி. எலெக்ட்ரம் 3.1, ரொம்ப நாளாகத் திறக்காத லைட் வாலட், அதாவது முழுப் பரிவர்த்தனைச் சங்கிலியையும் இறக்காமல் வேறொருவரின் சர்வரைக் கேட்டு ஓடும் பிட்காயின் வாலட். ‘அனுப்பு’ அழுத்தியதும் ஒரு பெட்டி: பாதுகாப்புக் கோளாறு, புதுப் பதிப்பை இறக்குங்கள், கீழே லிங்க். பார்த்தால் வாலட்டே சொல்வது மாதிரி இருக்கும். சொன்னது சர்வர். பரிவர்த்தனையை ஏற்க மறுத்து சர்வர் அனுப்பும் பிழைச் செய்தியைப் பழைய பதிப்புகள் லிங்க்கோடு அப்படியே காட்டின. போலி வாலட்டை இறக்க வைக்கும் இந்தத் தாக்குதல் 2018 டிசம்பரில் தொடங்கியது. 3.3.2 அதை வெறும் எழுத்தாக்கியது, 3.3.3 சர்வரின் செய்தியைக் காட்டுவதையே நிறுத்தியது. பழைய பதிப்பு அப்படியே தூங்கிக்கொண்டிருந்தால் ஆபத்து குறையாது, கூடும். நல்ல சர்வர்கள் பழைய பதிப்புகளை ஒதுக்கிவிட்டன, கதவைத் திறந்து வைத்திருப்பவன் திருடன்தான்.

கடைக்காரர் லிங்க்கைத் தொடவில்லை. இணையத்தைத் துண்டித்து, வாலட்டை மீட்கும் 12 சொற்களைத் தாளில் எழுதி, வேறு கணினியில் சரிபார்த்த புதுப் பதிப்பில் மீட்டால் போதும். எலெக்ட்ரம் சொற்கள் பிஐபி39 (பல வாலட்கள் பின்பற்றும் மீட்புச் சொல் தரநிலை) இல்லை. வேறு வாலட்டில் போட்டால் பெரும்பாலும் ‘தவறான சொற்கள்’ என்றுதான் வரும், பணம் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம்.

தீவுக்காரன்_பினாங்கு:
பெட்டியாவது கண்ணுக்குத் தெரிந்தது. பாயான் லெப்பாசில் ஓர் அலுவலக வைஃபை, பழைய ஆண்ட்ராய்டு வாலட், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் ஓடுகிறது. ‘ஃபில்டர்லோட்’ செய்தி மறைக்குறியீடு எதுவும் இல்லாமல் திரையில் ஓடியது. பிஐபி37 புளூம் ஃபில்டர், அதாவது தனக்கு வேண்டிய பரிவர்த்தனைகளை மட்டும் கேட்க வாலட் ஒரு நோடுக்கு (முழுச் சங்கிலியையும் சரிபார்க்கும் கணினி) அனுப்பும் சல்லடை. உன் முகவரிகளோடு பொய்ப் பொருத்தங்களும் கலந்திருப்பதால் எது உன்னுடையது என்று தெரியாது என்பதுதான் கணக்கு. ஆனால் இந்த மாதிரி வாலட்களுக்குள் இருக்கும் பிட்காயின்ஜே நூலகம் பொதுச் சாவியையும் அதன் ஹாஷையும் (அதிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) இரண்டையும் ஃபில்டரில் போட்டது. இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பொய்ப் பொருத்தம் கிட்டத்தட்ட முழுக்க உதிர்ந்துவிடும். நோடு மென்பொருளான பிட்காயின் கோர் 0.19இல் (2019) இந்தச் சேவையை இயல்பாக அணைத்து வைத்ததற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று, நோடுகளைத் திணறடிக்கலாம் என்பது இன்னொன்று.

ரவாங்_பாஸ்:
எல்லாரும் ஓவரா பயமுறுத்துறீங்க லா. விபிஎன் போட்டா முடிஞ்சது.

பட்டர்வொர்த்_அக்கா:
ரவாங் தம்பி, முடியாது. விபிஎன் மறைப்பது உங்கள் ஐபியை மட்டும். எலெக்ட்ரம் மாதிரி வாலட் திறந்ததும் எல்லா முகவரிகளின் ஹாஷையும் ஒரே இணைப்பில் ஒரே சர்வரிடம் கேட்கிறது. எல்லாம் ஒரே ஆளுடையது என்று அங்கேயே முடிச்சு விழுந்துவிட்டது. டோர் (பல கணினிகள் வழியாகச் சுற்றி ஐபியை மறைக்கும் வலை) போட்டாலும் அதே. ஹாஷ்தானே போகிறது என்று கேட்காதீர்கள், சங்கிலியில் உள்ள எல்லா முகவரிக்கும் சர்வரிடம் ஹாஷ் இருக்கிறது. செந்தூல் அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: சர்வரால் உறுதியான பரிவர்த்தனையைப் பொய்யாக உருவாக்க முடியாது, ஒவ்வொரு பிளாக்கின் 80 பைட் தலைப்பும், பரிவர்த்தனை அந்த பிளாக்கில் இருப்பதைக் காட்டும் மெர்க்கிள் சான்றும் அதைப் பிடித்துவிடும். ஆனால் வந்த பணத்தை வரவில்லை என்று மறைக்க முடியும்.

சொந்த சர்வர் ஒன்றே வழி. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி) 8 ஜிபி, 2 டிபி எஸ்எஸ்டி. சங்கிலி 600 ஜிபியைத் தாண்டி நாளாகிவிட்டது, 1 டிபி வாங்கினால் சீக்கிரம் மறுபடி வாங்குவீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம், முதல் ஒத்திசைவு இழுத்துக்கொண்டே போகும். பிட்காயின் கோர், அதன்மேல் எலெக்ட்ரம் வாலட்டுக்குப் பதில் சொல்லும் சர்வர் மென்பொருள் எலெக்டர்எஸ். புரூன் செய்த (பழைய பிளாக்குகளை அழித்த) நோடில் எலெக்டர்எஸ் ஓடாது. சின்ன யூபிஎஸ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சாயங்கால இடியில் மின்சாரம் ஒரு தடவை போனால் தரவுத்தளம் கெட்டுப்போகலாம், அப்புறம் மறு அட்டவணை முதலிலிருந்து. வீட்டுக்குள் போர்ட் 50001, எஸ்எஸ்எல் வேண்டுமென்றால் 50002. ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியே விடாதீர்கள், வெளியிலிருந்து வருவதற்கு டோர் மறைசேவை வையுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: வாலட்டை முதலில் திறக்கும்போதே அது பொது சர்வரிடம் போய்விடும், அமைப்பை மாற்றுவதற்குள் முகவரிகள் போயிருக்கும். ஆஃப்லைனில் தொடங்கி, ‘ஒன்சர்வர்’ (உங்கள் ஒரே சர்வரிடம் மட்டும் பேசு) அமைத்து, அப்புறம் இணையுங்கள்.

தீவுக்காரன்_பினாங்கு:
அக்கா, ‘ஒன்றே வழி’ என்பதை ஏற்கமாட்டேன். பிஐபி158 கச்சித ஃபில்டர் இருக்கிறது. வாலட் எல்லா பிளாக்கின் ஃபில்டரையும் இறக்கித் தன்னிடமே ஒப்பிடும், பொருந்திய பிளாக்கை மட்டும் முழுசாகக் கேட்கும். எந்த பிளாக் என்பது வெளியே தெரியும், எந்த முகவரி என்பது தெரியாது. மீட்கும்போது வாலட் தொடங்கிய தேதியைக் கொடுங்கள், இல்லையென்றால் டேட்டா கரையும்.

ரவாங்_பாஸ்:
சரி லா. ஏற்கெனவே பொது சர்வர்ல திறந்தாச்சு, எக்ஸ்பப்பையும் (வாலட்டோட எல்லா முகவரியையும் காட்டிடுற பொதுச் சாவி) ஒரு கணக்கு பார்க்கிற வெப்சைட்ல போட்டாச்சு. இப்ப சொந்த சர்வர் வெச்சா?

பட்டர்வொர்த்_அக்கா:
பழசு அழியாது. எக்ஸ்பப் கொடுத்தால் இனி வரப்போகும் முகவரிகளும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. அதோடு ஏதாவது ஒரு முகவரியின் தனிச் சாவியும் கசிந்தால், சாவிகளைச் சாதாரண (‘ஹார்டன்’ செய்யாத) முறையில் உருவாக்கியிருந்தால் அந்தக் கிளையின் தாய்த் தனிச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். புதுச் சொற்களில் புது வாலட் உருவாக்குங்கள், சொந்த சர்வரில் மட்டும் திறங்கள். நாணயங்களை ஒரே பரிவர்த்தனையில் கூட்டி அனுப்பாமல் ‘காயின் கன்ட்ரோல்’ (எந்த நாணயம் போக வேண்டும் என்று நாமே தேர்வது) வைத்து ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு நகர்த்துங்கள். தெரியாத இடத்திலிருந்து சில சாட்டோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) வந்திருந்தால் உறையவைத்துவிட்டு விடுங்கள், அதைச் செலவழித்தால் மறுபடி முடிச்சு.

செந்தூல்_கம்பி:
இன்ஸ்டாலர் இறக்கும்போது கையொப்பக் கோப்பையும் இறக்கி ஜிபிஜி என்ற கையொப்பச் சோதனை மென்பொருளில் சரிபாருங்கள். ‘நல்ல கையொப்பம்’ என்று வந்தால் மட்டும் போதாது, யாருடைய சாவி என்று சாவியின் விரல்ரேகையை (அதன் அடையாள எண்) முழுசாக ஒப்பிடுங்கள், அதுவும் இறக்கிய அதே பக்கத்தில் உள்ளதை வைத்து இல்லை.