ஜிஓஜி-யில் வாங்கிய பழைய கேம்கள்: இன்ஸ்டாலரை முறையாக எடுத்து வைப்பது எப்படி? பாதியில் 'டிஸ்க் 2' கேட்கிறது

எஃப்5_தம்பி (கேள்வி)

வணக்கம். ஜிஓஜி (பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கும் இணையக் கடை) கணக்கில் எண்பது கேம் வரை சேர்ந்துவிட்டது. முக்கால்வாசி டாஸ் காலத்தவை, மீதி விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தவை. எல்லாவற்றையும் 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, நெட்டும் வேண்டாம், லாகினும் வேண்டாம், எப்போது நினைத்தாலும் போட்டு விளையாடலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கேலக்ஸி (ஜிஓஜி-யின் செயலி) வழியாக நிறுவிய ஃபோல்டரையே காப்பி எடுத்தால் போதுமா, இன்ஸ்டாலர் தனியாக வேண்டுமா? ஒரு கேமுக்கு ஒரு எக்ஸியும் (.exe) மூன்று பின் (.bin) ஃபைலும் வந்தன. டிஸ்க்குக்கு மாற்றி ஓட்டினால் பாதியில் 'டிஸ்க் 2-ஐப் போடவும்' என்று நிற்கிறது. டிஸ்க்கே இல்லாமல் வாங்கிய கேமுக்கு எந்த டிஸ்க்கைப் போடுவது? அப்புறம், இறக்கிய ஃபைல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று நிறுவிப் பார்க்காமலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? சேவ் ஃபைல்களை எங்கே தேடுவது?

மெஷின் விண்டோஸ் 11. உபுண்டு போட்ட பழைய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது.

சாம்பல்பெட்டி

டிஸ்க் 2 விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜிஓஜி-யின் விண்டோஸ் இன்ஸ்டாலர் இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் உருவாக்கும் நிரலில் கட்டப்பட்டது. அடுத்த துண்டு கிடைக்காவிட்டால் அது இன்னும் சிடி காலத்து வசனத்தைத்தான் பேசும். அது தேடுவது பெயர் முடிவில் '-2' உள்ள பின் ஃபைலை. ஒன்று, அந்த ஃபைல் காப்பியாகவில்லை. இல்லையென்றால் பெயர் மாறியிருக்கிறது. ஒரே ஃபைலை இரண்டாம் முறை இறக்கினால் பிரௌசர் பின்னால் (1) ஒட்டும். ஜிஓஜி ஃபைல் பெயரிலேயே பில்டு எண் அடைப்புக்குறிக்குள் வருவதால் இந்த (1) கண்ணில் படாது. அதை அழித்து, எக்ஸியும் எல்லாப் பின்களும் ஒரே ஃபோல்டரில் இருக்கும்படி வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஆனால் ஒன்று: (1) ஒட்டியது எதனால் என்று பாருங்கள். முதல் முறை பாதியில் அறுந்ததால் மறுபடி இறக்கியிருந்தால், பழைய அரைகுறை ஃபைலும் பக்கத்திலேயே கிடக்கும். கடைசித் துண்டைத் தவிர மற்றவை எல்லாம் 4 ஜிபி-க்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். குட்டையாக இருப்பதைத் தூக்கிப் போடுங்கள்.

ஃபைல் பெயரில் எதையும் அழகுபடுத்த வேண்டாம். தமிழில் பெயர் வைக்க ஆசையா, ஃபோல்டருக்கு வையுங்கள்.

இறக்கும்போது தளத்தில் உங்கள் கேம் பட்டியலில் படத்தைச் சொடுக்கினால் வரும் பெட்டியைக் கவனியுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் பொத்தான் கேலக்ஸிக்கு. உங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே 'ஆஃப்லைன் பேக்கப்' என்ற தலைப்பில் இருப்பவை. மேலே உள்ளதைச் சொடுக்கி வரும் குட்டி எக்ஸியைச் சேமித்துவிட்டு 'எடுத்து வைத்தாயிற்று' என்று இருந்தால், பின்னால் அதைத் திறக்கும்போது அது நெட்டைத்தான் தேடும். சில எம்பி அளவில் ஒரு எக்ஸி வந்தால், உண்மையிலேயே அவ்வளவு சிறிய டாஸ் கேமா என்று சரிபாருங்கள்.

அங்கேயே மொழியையும் இயங்குதளத்தையும் தேர்ந்தெடுங்கள். மொழிக்கு மொழி இன்ஸ்டாலர் தனி. 'பேட்ச்' என்று தனியாக வருபவை ஏற்கெனவே நிறுவியதைப் புதுப்பிக்க மட்டும்தான், முழு இன்ஸ்டாலரில் அவை அடக்கம். கையேடு, வரைபடம் முதலியவற்றை விடாதீர்கள். டாஸ் கேம்களில் பல, 'கையேட்டின் 14-ஆம் பக்கத்தில் மூன்றாவது சொல் என்ன' என்கிற மாதிரி கேட்டுத்தான் உள்ளே விடும். ஜிஓஜி பதிப்புகளில் அதை எடுத்துவிட்டிருந்தாலும், கையேடு இல்லாமல் அந்தக் காலத்துக் கேம்களில் எந்த விசை எதற்கு என்றே புரியாது.

சீரியல் கீ உள்ள கேம்களும் உண்டு. நெவர்விண்டர் நைட்ஸ் டயமண்டு போன்றவற்றில் மல்டிபிளேயருக்குக் கீ வேண்டும். தளத்தில் கேம் பெட்டியின் 'மேலும்' மெனுவில் கிடைக்கும். அதை ஒரு உரை ஃபைலில் எழுதி இன்ஸ்டாலர் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

நிறுவிய ஃபோல்டரைக் காப்பி எடுப்பது டாஸ் கேம்களுக்குப் பெரும்பாலும் சரிவரும், டாஸ்பாக்ஸ் (டாஸ் கேமை இன்றைய மெஷினில் ஓட்டும் நிரல்) உள்ளேயே இருப்பதால். விண்டோஸ் காலத்துக் கேம்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) பாதையை எழுதி வைத்து அதைத்தான் தேடும். ஆகவே மூலம் எப்போதும் இன்ஸ்டாலர்தான்.

பெங்குயின்_பாலா

எண்பது கேமைப் பிரௌசரில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உபுண்டுவில் எல்ஜிஓஜி-டவுன்லோடர் என்ற கட்டளைவரி நிரல் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஒருமுறை லாகின் செய்துவிட்டு, 'லிஸ்ட்' கொடுத்தால் உங்கள் கேம்களின் பெயர்கள் வரும். 'டவுன்லோடு' விருப்பத்தோடு 'கேம்' என்று கொடுத்து அந்தப் பெயரை எழுதுங்கள். அங்கே எழுதுவது வெறும் பெயராக இல்லாமல் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (தேடல் வடிவமாக) எடுத்துக்கொள்ளப்படும். முன்னால் தொப்பிக்குறியும் (^) பின்னால் டாலர் குறியும் இடாமல் 'டயாப்ளோ' என்று மட்டும் கொடுத்தால், பெயரில் அந்தச் சொல் வரும் எல்லாமே இறங்கும். பிளாட்ஃபார்ம், மொழி இரண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். பிளாட்ஃபார்ம் சொல்லாவிட்டால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து இறக்கிவிடும். சீரியல் கீயைச் சேமிக்கவும் ஒரு விருப்பம் உண்டு.

இதன் பெரிய லாபம் 'ரிப்பேர்'. இன்ஸ்டாலருக்கு ஜிஓஜி சர்வரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும், ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் எம்டி5 மதிப்பும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) அதில் இருக்கும். ரிப்பேர் ஓட்டினால் உங்களிடம் உள்ளதை அதோடு ஒப்பிட்டு, பழுதான துண்டை மட்டும் திரும்ப இறக்கும். கையேடு, இசை போன்ற ஜிப்களுக்கு இந்த எக்ஸ்எம்எல் கிடையாது, அவற்றை ஜிப் சோதனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

நெட்டே இல்லாமல் சரிபார்க்க இன்னோ-எக்ஸ்ட்ராக்ட் என்ற நிரல் உண்டு. 'டெஸ்ட்' விருப்பத்தோடு எக்ஸியைக் கொடுங்கள். எதையும் எழுதாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் செக்சம்மையும் சரிபார்த்துச் சொல்லும். பின் துண்டு குறைந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். பழைய காலத்து ஜிஓஜி இன்ஸ்டாலர்களில் பின் ஃபைல் என்பது உண்மையில் கடவுச்சொல் போட்ட ரார் (சுருக்கிய ஆர்க்கைவ்). அவற்றுக்கு 'ஜிஓஜி' விருப்பத்தையும் சேர்க்க வேண்டும், மெஷினில் ராரைப் பிரிக்கும் அன்ரார் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸிக்குள் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

பழகிப் பார்க்க பினீத் எ ஸ்டீல் ஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-லேயே இலவசமாக்கப்பட்டது, ஜிஓஜி-யிலும் இலவசம், அளவும் சின்னது.

லினக்ஸ் இன்ஸ்டாலர் வேறு மாதிரி: ஷெல் ஸ்கிரிப்ட்டின் வாலில் ஒட்டிய ஜிப். அன்ஜிப் கொடுத்தாலே திறக்கும். ஆனால் அதைத் துண்டு போடுவதில்லை. பெரிய கேம் 4 ஜிபி-யைத் தாண்டும், ஃபேட்32 பென் டிரைவ் ஏற்காது.

எஃப்5_தம்பி

(1) தான் காரணம். எடுத்ததும் கடைசி வரை ஓடிவிட்டது, நன்றி. எல்லாவற்றையும் 7-ஜிப்பில் சுருக்கி வைக்கலாமா? சேவ் பற்றி யாராவது சொல்லுங்கள். டாஸ் கேம் ஒன்றில் சேவ் செய்தால் கேம் ஃபோல்டரில் எதுவுமே தேதி மாறவில்லை.

ஆட்டோஎக்ஸெக்

சுருக்க வேண்டாம். இன்ஸ்டாலர் ஏற்கெனவே எல்இசட்எம்ஏ முறையில் இறுக்கப்பட்டது. நேரம்தான் போகும், ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஒரு பெரிய ஆர்க்கைவில் ஓரிடம் கெட்டால் அதிலிருந்து மற்றதையும் எடுக்கப் போராட வேண்டிவரும்.

சேவ் காணாமல் போனதற்குக் காரணம் டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்கில் இருக்கும். கேம் ஃபோல்டரில் கான்ஃப் என்று முடியும் ஃபைல்கள் இரண்டு இருக்கும். 'சிங்கிள்' என்று பெயரில் உள்ளதை நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போங்கள். இரண்டாவது மவுண்ட் வரியில் 'கிளவுடு_சேவ்ஸ்' என்ற ஃபோல்டரும் 'ஓவர்லே' என்ற சொல்லும் இருந்தால், கேம் எழுதுவதெல்லாம் அங்கேதான் போகும், மூல ஃபைல்கள் தொடப்படாது. பேக்கப்புக்கு இது வசதி, அந்த ஒரு ஃபோல்டரை எடுத்தால் போதும். ஓவர்லே இல்லாத பழைய இன்ஸ்டாலரில் சேவ் கேம் ஃபைல்களோடு கலந்து கிடக்கும்.

விண்டோஸ் கேமை புரோகிராம் ஃபைல்ஸ் அடியில் நிறுவாதீர்கள். அங்கே எழுத அனுமதி கிடையாது என்பதால் சேவ் ஃபைலை விண்டோஸ் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும், பேக்கப் எடுக்கையில் யாருக்கும் நினைவு வராது. சி டிரைவில் ஜிஓஜி கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போதும். மற்றவை டாக்குமெண்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா என்று சிதறிக் கிடக்கும். பிசிகேமிங்விக்கியில் கேம்வாரியாகப் பாதை எழுதியிருக்கிறார்கள். கேலக்ஸியின் கிளவுடை நம்பி இருக்க வேண்டாம், 2024-இல் கேமுக்கு 200 எம்பி என்று வரம்பு வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சிடியிலிருந்து வந்த டாஸ் கேம்களில் 'ஜிஓஜி' என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்றும் 'ஐஎன்எஸ்' என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்றும் பார்ப்பீர்கள். பெரியது சிடி பிம்பம், குட்டியானது கியூ ஷீட் (சிடியின் டிராக் பட்டியல்), பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐஎன்எஸ்-ஐ நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் பிம்பத்தின் பெயர், கீழே டிராக் 01, டிராக் 02 என்று பாட்டுகள் வரிசையாக இருக்கும். டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்குக்கோ (டாஸ்பாக்ஸின் புதிய கிளை) ஆண்ட்ராய்டுக்கோ மாற்றும்போது பெரியதை மட்டும் எடுத்துப் போனால் கேம் ஓடும், பின்னணி இசை இருக்காது. டிராக்குகள் தனி ஓஜிஜி ஃபைலாக இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுங்கள்.

சாம்பல்பெட்டி

டிஸ்க்கைப் பற்றி. ஒரே டிஸ்க்கில் இருப்பதைப் பேக்கப் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பிரதி ஒன்று வேண்டும், அது வேறு வீட்டில் இருந்தால் நல்லது. பிரதி எடுக்க விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினால் 'மிர்' விருப்பம் வேண்டாம், 'ஈ' போதும். மிர் என்பது கண்ணாடி: மூலத்தில் கைதவறி அழித்தது பிரதியிலும் அழியும்.

7-ஜிப் நிறுவியிருந்தால் வலது சொடுக்கில் சிஆர்சி மெனுவுக்குள் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (எம்டி5 போன்ற கைரேகை) ஃபைல் உண்டாக்கும் வரி இருக்கிறது. கேம் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று செய்து வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அதே மெனுவில் சோதியுங்கள். ஹாஷ் பழுதைக் காட்டும், சரிசெய்யாது. சரிசெய்ய மல்டிபார் என்ற நிரலில் 5 முதல் 10 சதவீதம் பார்2 ஃபைல் (பழுதை மீட்க உதவும் உபரித் தகவல்) போடலாம். 300 ஜிபி-க்கு 10 சதவீதம் என்றால் 30 ஜிபி, 2 டிபி டிஸ்க்கில் அது ஒரு பொருட்டே இல்லை.

பெங்குயின்_பாலா

இரண்டு பிரதியும் ஹாஷும் இருந்தால் பார்2 தேவையில்லை என்பது என் கட்சி. கெட்டதை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வருடம் ஒருமுறை சோதிக்காதவருக்கு பார்2-வும் உதவாது.

இரண்டாவது பிரதிக்கு எஸ்எஸ்டி வாங்கி அலமாரியில் வைத்துவிட வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், சூடு அதிகமானால் வேகமாக. தேய்ந்த எஸ்எஸ்டி-க்கு ஜெடெக் (மெமரித் துறையின் தர அமைப்பு) தரம் கேட்பதே 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்றுதான். சுழலும் டிஸ்க்கே மேல். ஃபார்மேட் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பதிவு) கிடையாது, எழுதும்போது கேபிள் கழன்றால் ஃபோல்டரே போகலாம்.

ஆட்டோஎக்ஸெக்

புதிய இன்ஸ்டாலர் வந்ததும் பழையதை அழிக்காதீர்கள். பதிப்பு மாறும்போது சில மாட்கள் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) வேலை செய்யாது. கடையிலிருந்து கேமே போவதும் உண்டு: ஃபால்அவுட் பழைய மூன்றும் 2013 முடிவில் எடுக்கப்பட்டு 2015-இல்தான் திரும்பின, வார்கிராஃப்ட் ஒன்றும் இரண்டும் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து போயின. வாங்கியவர்கள் இறக்க முடிந்தது என்றாலும், அப்டேட்டுகளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. உங்களுடையது விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸை (உள்ளேயே தனியாக ஓடும் தற்காலிக விண்டோஸ்) இயக்கி, கான்ஃபிக் ஃபைலில் நெட்வொர்க்கை முடக்கி, டிஸ்க்கிலிருந்து இரண்டு மூன்று கேமை நிறுவிப் பாருங்கள். ஹோம் பதிப்பில் சாண்ட்பாக்ஸ் கிடையாது. வைஃபையை அணைத்து, கேலக்ஸி இல்லாத மெஷினில் பார்த்தாலும் சரிதான். கேலக்ஸி இருக்கும் மெஷினில் பார்ப்பது கணக்கில் சேராது.