சின்னப் படம், நம்ம ஊர் தியேட்டர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை

படத்தின் பெயரும் தியேட்டர் பெயரும் வேண்டாம். நான் உதவி இயக்குநராக வேலை பார்த்த படம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் 23 நாளில் எடுத்து முடித்தோம். நடித்தவர்களில் பாதிப் பேர் அந்த ஊர் ஜனங்கள். கடலூரில் ஒரே ஒரு ஸ்கிரீன், அதிலும் பகல் 11 மணிக் காட்சி மட்டும் கிடைத்தது. அதற்கே சந்தோஷப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை படம் தியேட்டர் சர்வரில் ஏறிவிட்டது, அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கே.டி.எம். வரவில்லை. தியேட்டரில் படம் போடுவதற்கான டிஜிட்டல் கட்டணத்தில் பாக்கியாம். தயாரிப்பாளர் சென்னையில் யார் யாரிடமோ கடன் கேட்டுக்கொண்டிருந்தார். சாவி வந்தபோது மணி 12:50. காட்சி ரத்து. மறுநாள் அந்த 11 மணியும் பெரிய நடிகர் படத்துக்குப் போய்விட்டது.

அதைக்கூட மறந்துவிடுவேன். படத்தில் பாட்டியாக நடித்த அம்மா முந்திரி உடைக்கும் வேலை செய்பவர். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். தீபாவளிப் புடவை கட்டியிருந்தார். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் சர்வர், பாக்கி என்று ஏதேதோ விளக்கினேன். முழுசாகக் கேட்டார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "நான் செரியா நடிக்கலன்னுதான் நிறுத்திட்டாங்களா தம்பி?" என்றார்.

"அய்யோ, இல்லம்மா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் அந்தக் குரல் போகவில்லை.

பழைய ஆப்பரேட்டர்

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள் தியேட்டர் மேல் பழி போட்டுவிடக் கூடாது. நான் 31 வருடம் கேபினில் இருந்தவன். கே.டி.எம். என்பது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள், நேரத்துக்கு மட்டும் வேலை செய்கிற சாவி. அது வராவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் படம் திறக்காது.

ரீல் காலத்தில் பெட்டி பஸ்ஸில் வரும். கடலூரில் ஓடி முடித்ததும் நெல்லிக்குப்பம், அப்புறம் குறிஞ்சிப்பாடி, அப்புறம் டூரிங் டாக்கீஸ் என்று மாதக்கணக்கில் சுற்றும். டவுனில் தவறவிட்டவன் கீற்றுக் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்ப்பான். இப்போது எல்லா ஊரிலும் ஒரே வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை தூக்கிவிடுகிறார்கள், நாலு வாரத்தில் ஓடிடி. ஆள் பெயர் இல்லாத படம் வாய்ப்பேச்சில்தான் பிழைக்க வேண்டும். அந்தப் பேச்சு கிளம்புவதற்குள் படம் தியேட்டரில் இருப்பதில்லை.

எனக்கு நடந்தது. ஒரு மேட்னிக்கு மூன்றே பேர். பத்து டிக்கெட் இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கரண்ட் செலவு கட்டாது, அது அவர் பக்க நியாயம். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஒரு காலேஜ் பையன். "மிச்ச டிக்கெட்டுக்கு எவ்ளோ ஆகும்ணா?" என்று கேட்டுப் பர்சை எடுத்து எண்ணினான். 340 ரூபாய் இருந்தது. போதவில்லை. அன்று எனக்குச் சம்பள நாள், சட்டைப் பையில் பணம் இருந்தது. நான் எடுக்கவில்லை.

லாஸ்பேட்டை வாணி

ஆப்பரேட்டர் ஐயா, பேச்சு கிளம்பினாலும் பிரயோஜனம் இல்லை என்பதுதான் நான் பார்த்தது. பாண்டியில் வருடாவருடம் அலையன்ஸ் பிரான்சேஸில் இந்தியத் திரைப்பட விழா நடக்கிறது, சிறந்த தமிழ்ப் படத்துக்குப் புதுவை அரசு சங்கரதாஸ் சுவாமிகள் விருது கொடுக்கிறது. 1922-இல் அவர் இங்கேதான் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. தன் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர் பெயரில் விருது. வாங்கும் படம் அடுத்த ஊருக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது.

'கூழாங்கல்' படம் 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 அக்டோபர் ஆனது, அதுவும் நேராக ஓடிடியில். விருது வாங்கிய படத்துக்கே இந்த நிலைமை.

இது வேறொரு படம். பாண்டியில் ஒரு திரையிடல் முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு, இயக்குநர் வாசலில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பைக்குள் ஹார்ட் டிஸ்க். போகிறவர்களிடம், "உங்க தெருவுல, ஸ்கூல்ல, எங்கேயாவது ஹால் இருந்தா சொல்லுங்க, நானே கொண்டு வந்து போடுறேன், காசு வேணாம்" என்றார். நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் நல்ல ஹால் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் எண்ணை வாங்கிக்கொண்டேன். கேட்கவில்லை. பரீட்சை, ஆண்டு விழா என்று தள்ளிக்கொண்டே போய், அந்தப் போனையும் மாற்றிவிட்டேன்.

ஏரியாக்காரன்

என்.எஸ்.சி. ஏரியாவில், அதாவது வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டில், ஒரு விநியோகஸ்தரிடம் கணக்கு எழுதுகிறேன். என் அனுபவம் சிறியது. ஒரு ஓடிடி அலுவலகத்துக்குத் தயாரிப்பாளர் ஒருவரோடு துணைக்குப் போனேன். படத்தைப் போடவே விடவில்லை. "ஹீரோ யாரு? தியேட்டர்ல எத்தனை நாள்?" இரண்டே கேள்வி. கொரோனா சமயத்தில் படத்தைத் தேடி வந்து வாங்கிய தொழில் இது. லிஃப்டில் இறங்கும்போது அந்த மனிதர் படத்தின் கதையை எனக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கீழே வந்த பிறகும் நிறுத்தவில்லை.

சரி, இப்போது படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில விஷயம். டிஜிட்டல் கட்டணத்தைப் பட்ஜெட்டில் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். சாவி வியாழன் மதியமே தியேட்டரில் இருக்க வேண்டும், கெடிலக்கரை தம்பி படத்தில் அங்கேதான் தவறு. ஆடு, மாடு, கோழி எது ஃபிரேமில் வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி ஷூட்டிங்குக்கு முன்பே வேண்டும், இல்லையென்றால் சென்சாரில் மாட்டும். யுஏ சான்றிதழ் 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது, எதற்குப் போகிறோம் என்று எடிட்டிங்கிலேயே யோசியுங்கள். ரெவென்யூ ஷேரில், அதாவது வருமானத்தில் பங்கு என்ற முறையில், ஓடிடிக்குக் கொடுப்பதானால் இத்தனை வருடத்துக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள், நிரந்தரமாக எழுதிக் கொடுக்காதீர்கள். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. சின்ன ஊர் தியேட்டரிடம் அந்த விலையில் ஒரு மாலைக் காட்சி கேளுங்கள். வேலைக்குப் போகிறவன் பகல் 11 மணிக்கு எப்படி வருவான்?

யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று 2024 கடைசியில் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து குரல் வந்ததே, அதில் சின்னப் படக்காரர்கள் சேராதீர்கள். போஸ்டர் ஒட்டக்கூடக் காசில்லாத படத்துக்கு அந்த வீடியோதான் விளம்பரம்.

வாணி மேடம், பள்ளி ஹாலில் இலவசமாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு முறை இலவசமாகப் பார்த்த ஊர் டிக்கெட் வாங்காது.

லாஸ்பேட்டை வாணி

டிக்கெட் கொடுக்க ஒரு தியேட்டரும் முன்வராத படத்துக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் சார்? அவர் காசு கேட்டு நிற்கவில்லை. யாராவது பார்க்க வேண்டும் என்று நின்றார்.

வெள்ளி கடற்கரை

கெடிலக்கரை அண்ணா, எங்கள் படிப்பகத்தில் புரொஜெக்டர் இருக்கிறது, திரை இருக்கிறது. வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த அம்மாவின் ஊருக்கே வருகிறோம். கோயில் திடலோ ரேஷன் கடைச் சுவரோ போதும். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுங்கள்.

கெடிலக்கரை

தம்பி, நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் படம் எங்கள் கையில் இல்லை. ஹார்ட் டிஸ்க் ஃபைனான்சியரிடம் இருக்கிறது, வட்டியோடு கட்டாமல் தர மாட்டார். தயாரிப்பாளர் இப்போது போன் எடுப்பதில்லை, அவர் நிலைமையும் எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது டிரெய்லர் மட்டும். அதில் அந்த அம்மா ஒரு ஷாட்டில் வருகிறார், முறத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். போன வாரம் அவர் ஊர் வழியாகத்தான் பஸ்ஸில் போனேன். இறங்கிக் காட்டலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். ஸ்டாப் வந்தது, நான் எழுந்திருக்கவில்லை.