பழைய ஜப்பானிய ஸ்குவயர் கிட்டார்: சீர்செய்வதா, பாகங்களாகப் பிரிப்பதா?

மெல்லிசைமாறன் எழுதியது:
மெல்லிசைக் குழுவொன்றில் பல ஆண்டுகள் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடமிருந்து, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்குவயர் பெயரில் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். ஜப்பானில் செய்யப்பட்டது, வரிசை எண் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் 1984க்கும் 1987க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். விரல் வைக்கும் பகுதியின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் முதல் ஐந்தில் கம்பி பதிந்து குழி விழுந்திருக்கிறது. கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சுருளான பிக்கப் மூன்றில், நடு பிக்கப்பில் ஒலியே இல்லை. வால்யூம் திருகியைத் தொட்டாலே கரகரவென்கிறது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சிறு திருகுகள் கடற்காற்றில் துருவேறி அசைய மறுக்கின்றன. என்னிடம் நல்ல பாடியும் (உடற்பகுதி) மட்டமான நெக்கும் (கழுத்துப் பகுதி) கொண்ட வேறொரு கிட்டார் இருக்கிறது. இதன் நெக்கையும் மீதமுள்ள இரு பிக்கப்புகளையும் அதற்கு மாற்றிவிடலாமா, அல்லது இதையே முழுமையாகச் சீர்செய்ய வேண்டுமா?

ஈயப்பற்று எழுதியது:
தயங்காமல் பிரித்துவிடுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்தபோதே, நெக்கைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகுகளால் பாடியுடன் பிணைத்ததற்குக் காரணம், கெட்ட பாகத்தைக் கழற்றி நல்லதைப் பொருத்துவது எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான். நீங்கள் செய்ய நினைப்பது அந்த வடிவமைப்புக்கு எதிரானது அன்று. புதிய ஃபிரெட்டுகள், புதிய பிரிட்ஜ், பிக்கப்புக்கு மறுசுற்று என்று கூட்டிப் பார்த்தால், கிட்டாரின் விலையைவிடச் சீரமைப்புச் செலவு மிகுந்துவிடும். மேடையில் ஒலிக்காத ஒரு முழுக் கிட்டாரைவிட, இன்னொரு கிட்டாரில் ஒலிக்கும் நெக் மேலானது என்றே கருதுகிறேன்.

பழங்கம்பி எழுதியது:
நண்பர் சொல்லும் நான்கு திருகுகள் பழுதுபார்ப்பை எளிதாக்குவதற்காக வந்தவை. கிட்டாரைக் கலைப்பதற்கான அனுமதியாக அவற்றைக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1982இல் ஃபெண்டர் ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது, மட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் தொழிற்சாலையிலிருந்து வந்த கிட்டார்களின் வேலைப்பாடு, அக்காலத்து அமெரிக்கத் தயாரிப்புகளோடு ஒப்பிட்டுப் பேசப்படும் அளவுக்குத் தரமாக இருந்தது. அந்த வரிசையில் வந்த ஒன்றைப் பிரித்துவிட்டால், நெக் ஒருவரிடமும் பாடி இன்னொருவரிடமும் போய்ச் சேரும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்க முடியாது. சீர்செய்வதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம், பிரித்ததைத் திரும்பப் பெற இயலாது என்ற இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஈயப்பற்று எழுதியது:
ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்ற கிட்டாரை நினைத்துப் பாருங்கள். அவர் 1970இல் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த பாகங்களைச் சேர்த்து ஒரே கிட்டாராக்கினார். 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. பிரித்துச் சேர்த்த கிட்டாருக்கு வரலாறு கிடையாது என்று யார் சொல்ல முடியும்?

பழங்கம்பி எழுதியது:
அந்த விலை கிளாப்டனின் கைகளுக்குக் கிடைத்தது. பிரித்துச் சேர்த்த முறைக்குக் கிடைத்ததாக நான் கொள்ளமாட்டேன். மூன்று கிட்டார்களிலிருந்து ஒன்று பிறந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். மீந்துபோன பாகங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. மேலும், அவர் மூன்றிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார். இங்கே கேள்வி கேட்பவரோ நல்ல கிட்டாரின் நெக்கைக் கழற்றிச் சுமாரான கிட்டாருக்குப் பூட்டப் போகிறார்.

கோவைத்தந்தி எழுதியது:
இருவரும் நெக்கின் நிலையைக் கேட்காமலேயே வாதிடுகிறீர்கள். இத்தகைய கிட்டாரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டுதான். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் கவலையில்லை. மிகுதியாக இருந்தால், கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றி, அடிப்பகுதியில் உள்ள திருகைக் கால் சுற்று முறுக்கி மறுநாள் பாருங்கள். பழைய பாணி நெக்குகளில் அந்தத் திருகு பாடிக்குள் மறைந்திருக்கும். அது அசையவே இல்லையென்றால், அல்லது முறுக்கியும் வளைவு குறையவில்லையென்றால், சீரமைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அந்த நெக் வேறு எந்தக் கிட்டாருக்கும் பயன்படாது என்பதையும் ஈயப்பற்று கவனிக்க வேண்டும்.

பிக்கப்பை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ளது ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டும். செத்தது எதையும் காட்டாது. பெரும்பாலும் சுருளின் முனை, ஈயம் பற்றவைத்த இடத்தில்தான் அறுந்திருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மீட்டுவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும்; மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்காதீர்கள், தலைமுடி போன்ற அந்தக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றப் பழகிய கை வேண்டும்.

மெல்லிசைமாறன் எழுதியது:
அளந்து பார்த்தேன். இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. திருகைக் கால் சுற்று முறுக்கிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். இப்போது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நடு பிக்கப்பின் அறுந்த முனை, கோவைத்தந்தி ஐயா சொன்ன இடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. முதல் ஐந்து ஃபிரெட்டுகள் 0.4 மில்லிமீட்டர் உயரமே எஞ்சியிருக்கின்றன, மற்றவை 0.9 இருக்கின்றன.

கோவைத்தந்தி எழுதியது:
அப்படியானால் ஐந்தை மட்டும் மாற்றி, மற்றவற்றின் உயரத்துக்குத் தேய்த்துச் சமன்செய்தால் போதும். 21 ஃபிரெட்டுகளையும் பிடுங்க வேண்டியதில்லை. பழையதை எடுப்பதற்கு முன் சால்டரிங் அயர்னால் சூடேற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபிரெட்டுகள் பதிந்திருக்கும் ஈட்டி மரம் சில்லுசில்லாகப் பெயர்ந்து வரும். வால்யூம் திருகிக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஈயப்பற்று எழுதியது:
நெக் உயிரோடு இருக்கிறது, செலவும் நான் கணக்கிட்டதில் பாதிகூட வராது. எனவே இந்தக் கிட்டாரைப் பொறுத்தவரை என் ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் துருவேறிய பிரிட்ஜை ‘அசல்’ என்பதற்காக வைத்துக்கொண்டு சுருதி நிற்காமல் வாசிப்பதை என்னால் ஏற்க முடியாது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

பழங்கம்பி எழுதியது:
பிரிட்ஜை மாற்றுவதில் எனக்கும் மறுப்பில்லை. புதியது வாங்குமுன் ஆறு திருகுகளின் இடைவெளியை அளந்து, மரத்தில் புதிய துளை போடத் தேவைப்படாத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். பாடியில் முழங்கை உரசித் தேய்ந்த பூச்சை மட்டும் தொடாதீர்கள்.

மெல்லிசைமாறன் எழுதியது:
பூச்சைத் தொடமாட்டேன், அந்தத் தேய்மானம் முழுவதும் பெரியவருடைய கை பட்டது. ஃபிரெட் வேலைக்கு நெக்கைத் திங்களன்று கொடுக்கிறேன். கழற்றும் பழைய பிரிட்ஜைத் திருகுகளோடு ஓர் உறையில் கட்டி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.