மறுமொழி: கதவில் மாட்டும் உலர்பூ வளையம்: என்ன சொல்லலாம்?

வணக்கம். ஐரோப்பாவில் உலர்ந்த பூக்களை வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவார்கள், ஆங்கிலத்தில் wreath. நம் கைவினைக் கையேட்டுக்காக அதற்கும் அதன் செய்முறைக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் போடுகிறோம் அல்லவா, வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'மலர்வளையம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, ஐயா. ஆனால் அது இழவு வீட்டுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. 'மலர்வளையம் வைத்து' என்றதுமே 'அஞ்சலி' என்று மனம் முடித்துவிடுகிறது. கைவினைக் கையேட்டில் "உங்கள் வாசலுக்கு ஒரு மலர்வளையம்" என்று அச்சிட்டால், வாங்கினவர் நம்மைத் தேடிக்கொண்டு வருவார்.

> அப்படியானால் கண்ணி? வாகை?

தலையில் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார் என்று புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே பிரிவு இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் இன்றைய காதில் கண்ணி என்றால் பொறியும் கண்ணிவெடியும். வாகை விளையாட்டுப் பக்கத்துக்கே இருக்கட்டும். 'கிறிஸ்துமஸ் வளையம்' பொருளைக் குறுக்கிவிடும். பண்டிகைக்குக் கட்டுவது பெரும்பாலும் ஊசியிலைத் தழையில். நாம் பேசும் உலர்பூ வகையோ, ஐரோப்பாவில் கோடையில் பூத்ததைக் காயவைத்து இலையுதிர் காலத்தில் மாட்டுவது.

'கதவுமாலை' பற்றி ஒரு வார்த்தை. மாலையைத் தொடுக்கிறோம், நாரை எடுத்துவிட்டால் மாலையே இல்லை. இங்கே வேலை வேறு. விறைப்பான வளையம் ஒன்று முதலிலேயே இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு கொத்தைப் படுக்கவைத்து, மெல்லிய கம்பியை இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றுகிறார்கள். அடுத்த கொத்தின் தலை முந்தைய கொத்தின் காம்பை மறைக்கும். கம்பியை நடுவில் வெட்டுவதில்லை, திசையும் மாறக்கூடாது. கடைசிக் கொத்தின் காம்புகளை முதல் கொத்தின் பூக்களுக்கு அடியில் செருகினால் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது. ஆகவே வினை 'தொடு' அல்ல, 'கட்டு'.

கட்டிய வட்டத்துக்குத் தமிழில் 'இண்டை' உண்டு. தேவாரத்தில் சிவன் முடிக்குரிய மலர்வட்டம் அது. தலைக்குரியதை எப்படிக் கதவில் மாட்டுவது என்று கேட்பீர்கள். கண்ணியைப் போல இதற்கு வேறு பொருளின் சுமை அன்றாடப் பேச்சில் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். 'உலர்பூ இண்டை', சுருக்கமாக 'இண்டை'. காய்ந்த பூவைச் சாமிக்குச் சாத்துவதில்லையே என்று யாராவது தடுத்தால், அது நியாயமான தடைதான். அப்போது 'பூவட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அடி வளையத்துக்கு 'அடிச்சட்டகம்' வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் வைக்கோலை இறுக்கிச் சுற்றிய வளையத்தின் மேல்தான் நிறையப் பேர் கட்டுகிறார்கள். அதைப் பார்த்தால் நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணை! கம்பியில் செய்தால் கம்பிப் பிரிமணை, திராட்சைக்கொடியை முறுக்கினால் கொடிப் பிரிமணை. இந்தப் பட்டியலில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற சொல் இது ஒன்றுதான்.

> வாடிய மலர்

உலர்ந்த பூவுக்கு இந்தப் பெயர் கூடாது. வாடியது தலை தொங்கிச் சுருங்கும். உலர்ந்தது வடிவம் மாறாமல் சலசலக்கும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் சரக்கும் உலர்பூதான். செய்முறையில் 'காற்றில் உலர்த்தல்' என்று எழுதியிருப்பதை 'நிழலில் உலர்த்தல்' என்று மாற்றுங்கள், சித்த மருந்து செய்பவர்கள் புழங்கும் தொடர் அது. காரியமும் அதுதான்: சிறு கட்டாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாக இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். வெயில் பட்டால் நிறம் போய்விடும்.

பூப்பெயர்களில் பாதிக்கு நாம் உழைக்கவே வேண்டாம். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே வளர்க்கப்படுபவை. லாவெண்டர் லாவெண்டராகவே இருக்கட்டும்.

அப்புறம், ரிப்பன் முடிச்சுக்கு 'நாடாப்பூ' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சம்மதம். சடைக்கு ரிப்பன் கட்டிப் பழகியவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.